நெடுங்காட்டில் ஏழு நிமிஷம்

கார் பந்தயம் என்றால் வேகம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். காரைக்காலில் நாங்கள் ஓட்டிய பந்தயத்தில் வேகமாகப் போனவன்தான் தோற்றான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். நானும் பல வருஷம் சிரித்துக்கொண்டேதான் சொல்லி வந்தேன், பாதியோடு நிறுத்திக்கொண்டு. மீதிப் பாதியை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போன சமயம் அது. ஊரில் சொந்தக் கார் வைத்திருந்தவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். ஒரு அரிசி ஆலைக்காரர், ஒரு மரக்கடைக்காரர், இரண்டு மூன்று வக்கீல்கள், பிறகு என் மச்சான். மச்சான் என்றால் என் லாத்தாவை, அதாவது மூத்த அக்காவைக் கட்டியவர். சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்து, அங்கே சண்டை முற்றியதும் கடையை மூடிவிட்டு, ஒரு சின்னக் காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தவர். அந்தக் காருக்கு எஞ்சின் பின்னால் இருக்கும். ஸ்டீயரிங் இடது பக்கம். இந்த இடது பக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தயத்துக்கென்று செய்த கார் எங்களில் ஒருவரிடமும் கிடையாது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போவதும், கல்யாண வீட்டுக்குப் போவதும், வீட்டுப் பெண்களைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போவதும் எந்தக் காரோ, அதே கார்தான் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவில் வெள்ளைத் துணியைக் கட்டி, துணியில் கரியால் நம்பர் எழுதிக்கொண்டு போட்டிக்கு வரும். ரோடு போடும் வேலையில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்து வைத்த பழக்கம். அவர் கப்பலேறிப் போய்விட்டார். பழக்கம் எங்களிடம் தங்கிவிட்டது.

ஒரே நாளில் மூன்று வகைப் போட்டி. விடிந்ததும் கடற்கரையில், அலை பின்வாங்கி மணல் இறுகிக் கிடக்கும்போது, கொடிக்கம்பத்திலிருந்து கொடிக்கம்பத்துக்கு நேர் ஓட்டம். அதில் ஒரு தடவை மரக்கடைக்காரரின் கார் அச்சுவரைக்கும் புதைந்து, மீன்பிடிக்கிறவர்கள் வலை இழுப்பதுபோல் பாட்டுப் பாடிக்கொண்டே கயிறு கட்டி இழுத்தார்கள். அடுத்து மைதானத்தில் பானை ஓட்டம். கவிழ்த்து வைத்த மண்பானைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து காரைப் பின்பக்கமாக ஓட்டி வர வேண்டும். ஒரு வக்கீல் ஒரே ஓட்டத்தில் பதினொரு பானையை உடைத்தார். அன்றிலிருந்து கோர்ட்டிலும் அவருக்குப் பானை வக்கீல் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இந்த இரண்டும் ஜனங்கள் கைதட்டிப் பார்க்கிற வேடிக்கை. கோப்பை மூன்றாவது போட்டிக்குத்தான். அதை நேர ஓட்டம் என்போம். காரைக்காலில் புறப்பட்டு, அரசலாற்றுப் பாலம் தாண்டி நெரவி, அங்கிருந்து வாய்க்கால் கரைகளை ஒட்டி நெடுங்காடு, பிறகு திரும்பி வந்து ஊர் எல்லையில் கோவில்பத்து. ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். இத்தனையாவது நிமிஷத்தில் இந்த மேசைக்கு வரவேண்டும் என்று முன்கூட்டியே சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பிந்தி வந்தால் மார்க் குறையும். முந்தி வந்தால் இரண்டு பங்கு குறையும். நொடி பிசகாமல் வந்து நிற்பவன்தான் கெட்டிக்காரன்.

ஆகவே ஓட்டுகிறவரின் பக்கத்தில் ஒருவன் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டபடி உட்கார்ந்திருக்க வேண்டும். மச்சானுக்கு அந்த ஆள் நான். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஆரம்பப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சைகோனிலிருந்து கொண்டுவந்த பெரிய பாக்கெட் கடிகாரத்தைக் கயிற்றில் கோத்து மச்சான் என் கழுத்தில் மாட்டிவிடுவார். அதை மாட்டிக்கொண்டு முன் ஸீட்டில் உட்கார்ந்தால் எனக்குத் தலைகால் புரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதைத் தவிர வேறெதிலும் என்னை யாரும் தேடியதில்லை. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நான் இல்லாமல் நடக்காத காரியம் ஒன்று ஊரில் இருந்தது.

நான் சொல்லப்போகிற வருஷத்துக்கு முந்தின வருஷம் அந்தக் காரியத்தையும் கெடுத்தேன். வழியில் கதிர்க்கட்டு ஏற்றிய மாட்டு வண்டிகள் மறித்துக்கொண்டதில் என் கணக்குக் குழம்பி, விட்டதைப் பிடிக்கிறேன் என்று மச்சானை விரட்டி, நெடுங்காட்டு மேசைக்கு நாற்பது நொடி முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். கோப்பை அரிசி ஆலைக்காரருக்குப் போயிற்று. மச்சான் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஊர் விடுமா? "என்னா வாத்தியாரே, ஒங்க பள்ளிக்கூடத்துல ரெண்டும் ரெண்டும் எத்தனை?" என்று கடைத்தெருவில் கேட்டார்கள். என் வகுப்புப் பையன்கள் காதிலேயே விழும்படி கேட்டார்கள். அது ஒரு வருஷம் முழுக்க என் தொண்டையில் முள்ளாக நின்றது.

அதனால் அடுத்த வருஷம் நானே ஒரு யோசனை சொன்னேன். போட்டிக்கு முதல் நாள் வழியிலுள்ள ஊர்களில் தமுக்கடித்துச் சொல்லிவிடுவோம். நாளைக் காலையில் இந்த ரோட்டில் கார்கள் வரும், வண்டி மாடு எதையும் ரோட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று. எல்லாருக்கும் பிடித்துவிட்டது. கோழி, ஆடு, குழந்தைகள் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு என்றார்கள். நல்ல யோசனை வாத்தியாரே என்று முதுகில் தட்டினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தமுக்கு அடித்தாயிற்று.

தை மாதம். வயலெல்லாம் அறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நிமிஷத்துக்கு ஒரு காராகக் கொடி அசைத்து விட்டார்கள். முதலில் அரிசி ஆலைக்காரர், அடுத்து மரக்கடைக்காரர், மூன்றாவதாக நாங்கள், எங்களுக்குப் பின்னால் பானை வக்கீலும் மற்றவர்களும். நெரவி மேசையில் சீட்டில் எழுதியிருந்த அதே நொடியில் நின்றோம். மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

நெரவியிலிருந்து நெடுங்காட்டுக்கு நாற்பது நிமிஷம் கொடுத்திருந்தார்கள். வழியில் ஒரு வண்டி இல்லை, ஒரு மாடு இல்லை. தமுக்கு அடித்தால் இப்படித் துடைத்துவிட்ட மாதிரி ஆகும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. பழைய வழக்கப்படி வண்டிகளுக்கென்று நான் ஒதுக்கி வைத்திருந்த நிமிஷங்களெல்லாம் மிஞ்சிவிட்டன. நெடுங்காட்டு மேசைக்கு ஒரு வளைவு பாக்கி இருக்கையில் பார்த்தால் ஒன்பது நிமிஷம் கையிருப்பு. வளைவில் சுண்ணாம்பு அடித்த ஒரு கல் உண்டு. அந்தக் கல்லைத் தாண்டிவிட்டால் நிற்கக் கூடாது, நேரே மேசைக்குத்தான் போக வேண்டும். அதனால் கல்லுக்கு இப்பால் ஒரு புங்க மரத்தடியில் காரை நிறுத்தச் சொன்னேன். மச்சான் எஞ்சினை அணைத்துவிட்டு, எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தகர டப்பாவை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு இறங்கிப் போனார்.

நான் காரிலேயே இருந்தேன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

அப்போது ஒரு ஆள் ஓடிவந்தான். முப்பது வயதிருக்கும். முழங்காலுக்கு மேல் கட்டிய வேட்டி, கணுக்கால்வரை வயல் சேறு. தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தான். நான் உட்கார்ந்திருந்தது வலது பக்கம். அவன் பார்த்த கார்களிலெல்லாம் ஓட்டுகிறவர் உட்காரும் பக்கம். நான்தான் காருக்குச் சொந்தக்காரன் என்று நினைத்துவிட்டான்.

"மொதலாளி, என் பொஞ்சாதிங்க. மொதப் பிரசவம். நேத்து மத்தியானம் புடிச்ச நோவு. புள்ள குறுக்க கெடக்குதாம், மருத்துவம் பாக்குற கெழவி கைய விரிச்சிட்டா. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருன்னு சொல்லுதுங்க."

"வண்டி கட்டிக்கிட்டுப் போறதுதானே?" என்றேன்.

"இன்னிக்கு ரோட்டுல வண்டி வரப்படாதுன்னு தமுக்குப் போட்டாங்களே மொதலாளி. வண்டிக்காரரு பயந்துகிட்டு வர மாட்டேன்னுட்டாரு. காரு வரும்னும் சொன்னாங்க. அதான் கட்டில்ல வச்சுத் தூக்கியாந்து ரோட்டோரமா வச்சிருக்கோம். மொத ரெண்டு காரு நிக்காமப் போயிட்டுதுங்க. ஒங்க காரு தானா நின்னுச்சு."

அவன் கைகாட்டிய பக்கம் பார்த்தேன். கொஞ்ச தூரத்தில் கருவேல மர நிழலில் ஒரு கயிற்றுக் கட்டில். இரண்டு பெண்கள் ஒரு புடவையை விரித்து வெயில் மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வரும்போது அவர்களைக் கடந்துதான் வந்திருக்கிறோம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்ததில் கவனிக்கவில்லை. கட்டிலிலிருந்து சத்தம் எதுவும் இல்லை. அவள் கத்தியிருந்தால் வாய்க்காலில் இருந்த மச்சானுக்குக் கேட்டிருக்கும். இரவெல்லாம் கத்தி அவளுக்குக் குரல் ஓய்ந்துபோயிருந்தது.

மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிஷம் இருந்தது.

அந்தக் கணத்தில் என் மனசு என்ன கணக்குப் போட்டது என்பது எனக்கு இன்றைக்கும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது. மாட்டு வண்டியில் போனால் ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம் ஆகும். நாங்கள் ஏழு நிமிஷம் கழித்து ஏற்றிக்கொண்டு போனாலும் அரை மணியில் சேர்த்துவிடலாம். ஆகவே அவளுக்கு ஒன்றரை மணி நேரம் லாபம். நேற்று மத்தியானத்திலிருந்து பொறுத்தவளுக்கு ஏழு நிமிஷம் என்ன பெரிய கணக்கு? கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகவே இருந்தது. நான் நல்ல கணக்கு வாத்தியார்தான்.

"ஏழு நிமிஷம் பொறுத்துக்க," என்றேன். "முன்னாடி போயி ஒரு சீட்டுல கையெழுத்து வாங்கிட்டுத் திரும்பி வந்து ஏத்திக்கிறோம்."

அவன் என் கழுத்தில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தான். மடியில் இருந்த சீட்டைப் பார்த்தான். கதவில் கட்டியிருந்த நம்பர் துணியைப் பார்த்தான்.

"சர்க்கார் வேலைங்களா மொதலாளி?"

"ஆமா," என்றேன்.

யாரும் என்னை அந்தப் பொய்யைச் சொல்லச் சொல்லவில்லை. விளையாட்டு என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். விளையாட்டு என்று சொல்லிவிட்டு அந்த முகத்துக்கு முன்னால் ஏழு நிமிஷம் உட்கார்ந்திருக்க முடியாது என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. அப்படித் தெரிந்திருந்தும் சொன்னேன்.

"அப்ப சரிங்க. முடிச்சிட்டு வாங்க," என்று கும்பிட்டான். அழவில்லை, காலில் விழவில்லை, இன்னொரு தடவை கேட்கவில்லை. சர்க்கார் வேலை என்றால் காத்திருக்க வேண்டும் என்பது அவனுக்குப் பழகிப்போன விஷயம். கட்டிலை நோக்கி ஓடியவன் அந்தப் பெண்களிடம், "ஏழு நிமிஷத்துல வர்றாங்களாம், ஏழே நிமிஷம்," என்று சொன்னது எனக்குக் கேட்டது.

மச்சான் டப்பாவில் தண்ணீரோடு கரையேறி வந்தார்.

"யாரு அது, ஒன்கிட்டப் பேசிக்கிட்டிருந்தது?"

"ஊர்க்காரன் மச்சான். காரைப் பாக்க வந்தவன்."

"எத்தனை நிமிஷம் இக்கிது?"

"அஞ்சரை."

தண்ணீரை ஊற்றி மூடியை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். இந்தத் தடவை கோப்பை வந்தால் லாத்தா அதில் ஊறுகாய் போட்டுவைப்பாள் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேகமாக ஓடிக்கொண்டிருந்தோம், நிறுத்த முடியவில்லை என்றால் அது ஒரு சமாதானம். நாங்கள் ஓடவே இல்லை. மர நிழலில், எஞ்சினை அணைத்துவிட்டு, செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தோம். நேரத்தைப் போக்குவதற்கென்றே நேரத்தைப் போக்கினோம். மச்சானுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒரு நிமிஷம் இருக்கையில் கிளம்பச் சொன்னேன். கல்லைத் தாண்டி, வளைவைத் திரும்பி, மேசைக்கு முன்னால் நின்றபோது நொடிமுள் சீட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. மேசையில் உட்கார்ந்திருந்தவர் ஒரு நோத்தேரிடம், அதாவது பிரெஞ்சுச் சட்டப்படி பத்திரம் பதிகிறவரிடம், எழுத்து வேலை பார்க்கும் குமாஸ்தா. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஒரு நொடி பிசகல்லியே! மத்த ரெண்டு பேரும் தவறிட்டாங்க. கோப்பை ஒங்களுக்குத்தான்னு எழுதி வச்சுக்குங்க."

மச்சான் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். கையெழுத்தான சீட்டை வாங்கி மடித்து என் சட்டைப்பையில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

"மச்சான், அங்க ஒரு பொம்பளைக்குப் பிரசவ நோவாம். புள்ள குறுக்க கெடக்காம். ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லி அவ புருசன் கேட்டான். திரும்பி வர்றோம்னு சொல்லியிருக்கேன்."

"எப்ப கேட்டான்?"

"நீங்க தண்ணிக்குப் போனப்ப."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். காரை அந்த இடத்திலேயே ஒடித்துத் திருப்பினார். "திரும்பினா போட்டியில இல்லேன்னு ஆயிரும்!" என்று குமாஸ்தா பின்னால் கத்தியது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மச்சான் அவ்வளவு வேகமாக ஓட்டி நான் அதுவரை பார்த்ததில்லை.

அவருடைய கோப்பையைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அந்த ஏழு நிமிஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு அது ஊறுகாய் ஜாடி. எனக்குத்தான் அது வேண்டியிருந்தது. கடைத்தெருவில் நாலு பேர் வாயை அடைக்க வேண்டியிருந்தது. வாய்க்கால் பக்கம் திரும்பி மச்சான் என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் டப்பாவைப் போட்டுவிட்டு ஓடிவந்திருப்பார்.

அந்த ஆள் ரோட்டுக்கு நடுவே வந்து நின்று இரண்டு கையாலும் கும்பிட்டுக்கொண்டிருந்தான். சொன்னபடி வந்துவிட்டார்கள் என்ற நிம்மதி முகத்தில் தெரிந்தது. மச்சான் இறங்கி, பின் ஸீட்டில் தன் மேல்துண்டை விரித்து, தானே கட்டிலின் தலைமாட்டைப் பிடித்துத் தூக்கினார். கூலிக்காரத் தெருப் பெண்ணைச் சொந்தக் காரில் ஏற்றுகிறவரை அந்தப் பக்கம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கட்டிலைப் பிடித்திருந்தவர்களே தயங்கினார்கள். மச்சான் அவர்களை அதட்டினார். அவளுக்கு இருபது வயதுகூட இராது. உதடு வெளுத்து, கண் பாதி மூடியிருந்தது. ஒரு கையில் புடவை நுனியைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். பிடி மட்டும் விடவில்லை. அவளுடைய தாய் பின்னால் ஏறி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சின்னக் கார். புருஷனுக்கு இடமில்லை. நான் இறங்கிக்கொண்டேன். அவன் என் ஸீட்டில் உட்கார மாட்டேன் என்று கீழே கால் வைக்கிற இடத்தில் குந்திக்கொண்டு, பின்னால் கையை நீட்டி அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். கார் போய்விட்டது.

நானும் கட்டிலும் ரோட்டோரத்தில் நின்றோம். கட்டில் கயிறு நனைந்திருந்தது. மற்றவர்கள் கார் போன திசையைப் பார்த்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். கழுத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பானை வக்கீலின் கார் வந்தது. வேகத்தைக் குறைத்து, "என்னா வாத்தியாரே, மச்சான் எறக்கி விட்டுட்டாரா? மறுபடியும் கணக்குத் தப்பிடிச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடி போனார். அவர் கேட்டது சரியான கேள்வி.

கடைசிக் காரில் ஏறிக்கொண்டு கோவில்பத்து வந்தேன். அங்கே பந்தல் போட்டு, அரிசி ஆலைக்காரர் கையில் கோப்பையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நிற்காமல் நடந்தே மச்சான் வீட்டுக்குப் போனேன். அவர் கொல்லையில் கிணற்றடியில் பின் ஸீட்டைக் கழற்றிப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

"கோவில்பத்து வர்றதுக்கு முன்னாடியே மூச்சு நின்னுட்டுது," என்றார் நிமிராமலே. "புள்ளையும் போயிட்டுது. டாக்டர் வாசல்லேயே நாடி பாத்துட்டுக் கையை விட்டுட்டாரு."

எனக்கு அப்போது ஒரு கேள்விதான் வாயில் வந்தது. "மணி என்ன இருக்கும் மச்சான், மூச்சு நின்னப்ப?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கடிகாரம் ஒன் கழுத்துலதானே இக்கிது."

கழற்றி நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. "நீயே வச்சுக்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

ஏழு நிமிஷம் முன்னால் போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் காரில் கடிகாரம் இல்லை. இருந்த ஒரே கடிகாரம் ரோட்டோரத்தில் கட்டிலுக்குக் காவல் நின்ற என்னிடம் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு ஏழு நிமிஷத் தூரத்தில் செத்தாளா, மூன்று நிமிஷத் தூரத்தில் செத்தாளா, இல்லை, முன்னாலேயே போயிருந்தாலும் ஆவதற்கு ஒன்றும் இருந்திருக்காதா என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஒரு பதில் கிடைத்திருந்தால், எந்தப் பதிலாக இருந்தாலும் வாங்கிக்கொண்டு கிடந்திருப்பேன்.

மச்சான் அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. லாத்தாவிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் என்னைக் கேட்டிருப்பாள். அடுத்த தை மாதம் மச்சான் கொட்டகையிலிருந்து காரை எடுக்கவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம் எஞ்சின் சரியில்லை என்றார். உப்புக்காற்றில் அது அப்படியே துருப்பிடித்தது. போட்டியும் இரண்டொரு வருஷத்தில் நின்றுபோயிற்று. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நடந்ததை எல்லாரும் அரைகுறையாகக் கேள்விப்பட்டு, மச்சான் கோப்பையை விட்டுக்கொடுத்து ஒரு ஏழைப் பெண்ணை ஏற்றிப்போனார் என்று பெருமையாகப் பேசினார்கள். அந்தப் பெருமையில் எனக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். கடைத்தெருவில் யாரும் அதற்குப் பிறகு ரெண்டும் ரெண்டும் எத்தனை என்று கேட்கவில்லை.

அவள் செத்த தைக்கு அடுத்து வந்த சித்திரையில் ஒரு நாள் மத்தியானம், பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரம், பள்ளிக்கூட வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். அவளுடைய புருஷன். அவனுக்கு உண்மை தெரிந்துவிட்டது, கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். திண்டாடினாலும் ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. கேட்டால் சொல்லிவிடலாம்.

அவன் கையில் ஒரு கட்டு முருங்கைக்காய் இருந்தது. அதை வாசற்படியில் வைத்தான்.

"விசாரிச்சு விசாரிச்சு வந்தேங்க. கார்ல வலது பக்கமா உக்காந்து கடியாரம் வச்சிருந்தவங்கன்னு கேட்டேன். வாத்தியாரய்யான்னு சொன்னாங்க. அறுப்பு முடிஞ்சுதான் வர முடிஞ்சிது. கொல்லையில காய்ச்சதுங்க, வேற ஒண்ணும் இல்ல."

"எனக்கு எதுக்குப்பா இது?" என்றேன்.

"ஏழு நிமிசம்னு சொன்னீங்க. ஏழு நிமிசத்துல வந்து நின்னீங்க. எங்க சனத்துக்கு யாருங்க அப்படிச் சொன்ன சொல்லுக்கு வருவாங்க? வர்றேன்னுட்டுப் போனவங்கதான் எல்லாரும். அவ காருல போனா. எனக்கு எடம் குடுக்குறதுக்காக நீங்க ரோட்டுல எறங்கி நின்னீங்க. அவ விதி அம்புட்டுத்தான். ஒங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இரண்டு வார்த்தை போதும், அது விளையாட்டுப்பா என்று. அவன் மூன்று மாதமாகக் கட்டிக் காத்து, வெயிலில் நடந்து தூக்கிக்கொண்டு வந்த ஒன்றை அந்த வார்த்தைகள் பிடுங்கிவிடும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது நல்ல காரணம்தான். அன்றைக்குக் காரில் போட்ட கணக்கும் நல்ல கணக்குத்தான். வாயை மூடிக்கொண்டேன்.

அவன் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு படியிறங்கினான். நாலு எட்டு போனவன், ஏதோ நினைவு வந்தவன்போல் திரும்பி நின்றான். எங்களால் உங்களுக்கு ஏதும் கெட்டுப்போகவில்லையே என்று விசாரிக்கிற குரலில் கேட்டான்.

"அன்னிக்குப் போனீங்களே, அந்தச் சர்க்கார் வேலை. அது நல்லபடியா முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது," என்றேன்.